12 சொல்லைப் போட்டோ எடுத்துட்டேன், அழித்தால் போதுமா?

வேதாரண்யம் நண்பருக்கு: கிரிப்டோ காயினுக்கான வாலட் ஆப்பின் 12 மீட்புச் சொற்களைப் போனில் படம் பிடித்ததாகவும், அழித்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. படம் இதற்குள் கூகுள் போட்டோஸுக்கும் போயிருக்கலாம். காயின் போனில் இல்லை, பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. அந்தச் சொற்கள்தான் சாவி. ஆப்பின் பாஸ்வேர்டை மாற்றினாலும் சாவி மாறாது. அதே வாலட்டில் இன்னொரு அக்கவுண்ட் சேர்த்தாலும் வீண், அதுவும் பெரும்பாலும் அதே சொற்களிலிருந்துதான் பிறக்கும்.

புதுச் சொற்களோடு புது வாலட் உருவாக்குங்கள். முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள், வந்து சேர்ந்ததும் மீதி. நீங்கள் வைத்திருப்பது யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய காயின்), அது டிரான் என்ற பிளாக்செயினில் இருக்கிறது என்றால், அனுப்பும் கட்டணத்துக்குப் பெரும்பாலும் டிரானின் சொந்தக் காயினான டிஆர்எக்ஸ் தனியாக வேண்டும். பலர் மாட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்.

புதுச் சொற்களை நோட்டில் மட்டும் எழுதினால், 2018 கஜா மாதிரி ஒன்று வந்தால் காகிதம் மிஞ்சாது. எவர்சில்வர் தகட்டில் பொறியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் 4 ஆங்கில எழுத்து போதும். இந்தச் சொற்கள் எடுக்கப்படும் பட்டியலின் 2048 சொற்களும் அதிலேயே பிரிந்துவிடும். பாத்திரக்கடையில் பேர் வெட்டுபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே பொறியுங்கள்!

தொகை பெரிது என்றால் ஹார்டுவேர் வாலட், அதாவது சாவியைப் போனுக்கு வெளியே வைக்கும் சிறு கருவி, வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் வேண்டாம். சொற்கள் முன்பே எழுதிய அட்டையோடு பெட்டி வந்தால் அது திருட்டு வேலை. படம் பிடித்த பழைய 12 சொற்களை ஹார்டுவேர் வாலட்டில் ஏற்றிவிடாதீர்கள்.