கேம் கடைக்கு ஆட்களை மறுபடி வரவைப்பது எப்படி?

கேள்வி: எல்லா கேமும் ஃபோனிலும் வீட்டிலும் கிடைக்கும் காலத்தில், வீடியோ கேம் ஆர்கேட்கள் வாடிக்கையாளர்களை மீண்டும் ஈர்க்க என்ன செய்யலாம்?

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு ஆர்கேட் என்றால், நாலைந்து டிவியும் பிளேஸ்டேஷனும் வைத்து மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய சின்னக் கேம் கடைகள்தான். ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் பொடியன்களின் கைக்குள் வந்ததும் அந்தக் கடைகளில் ஆள் குறைந்துவிட்டது. இப்போது மச்சான் ஒருவர் கல்லடிப் பக்கம் புதிதாக ஒன்று போடலாமா என்று கேட்கிறார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

நல்ல கேம் வைத்தால் ஆள் வரும் என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் பேக்மேன் வந்த நாட்களில், கடையில் நின்ற மெஷினுக்கு ஈடாக வீட்டில் எதுவும் இல்லை. ஆட்கள் தேடிப் போனது அதற்காக. 1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்தபோது அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. அதே ஆண்டு ஆர்கேடில் இறங்கிய டெக்கன் என்ற சண்டை கேம், பிளேஸ்டேஷனை அடியொற்றிச் செய்த சர்க்யூட் போர்டில்தான் ஓடியது. கடையிலும் வீட்டிலும் ஒரே சாமான் என்றால் யார் பஸ் ஏறிப் போவார்கள்? ஜப்பானின் செகா போன்ற பெரிய கேம் கம்பனியே 2020இல் தன் ஆர்கேட் கடைகளின் பெரும்பங்கை விற்றுவிட்டு ஒதுங்கியது.

வீட்டில் இல்லாதது பக்கத்தில் நிற்கும் ஆள். 1991இல் இருவர் நேருக்கு நேர் மோதும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து கூட்டம் சேர்த்ததற்குக் காரணம் அதுதான். வென்றவர் நிற்பார், தோற்றவர் விலகுவார், அடுத்தவர் தன் முறைக்காகக் காசை மெஷினில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். நம் கரம் போர்டைச் சுற்றி நடப்பதும் இதுவே. விளையாடுபவர் நால்வர், சத்தம் போடுபவர் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கு நிற்க இடம் விடாத கடையில் எத்தனை மெஷின் இருந்தும் பிரயோசனமில்லை. பழைய கேம் கடைகளில் அடுத்த ஆள் நிற்க இடமே இருக்காது, முதுகோடு முதுகு உரசும்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே காசு கொடுப்பது பொடியன் அல்ல, அவனுடைய அம்மா. பழைய கடைகள் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, வாசலில் திரை போட்டு வைத்திருந்தன. ரியூசன் கட் அடித்தவனுக்கு ஒளிந்துகொள்ள வசதி, வேறென்ன? “இருட்டுக்குள்ள என்ன மனே விளையாட்டு?” என்று கேட்ட அம்மாக்களில் பிழையே இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே முழுக்கத் தெரிய வேண்டும். அம்மா இருந்து தேத்தண்ணி குடிக்க நாலு கதிரை வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் யூனிஃபோர்மோடு வருபவனை உள்ளே விடக் கூடாது. சனிக்கிழமைக் காலையைப் பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கினால், ஊரின் பாதிப்பேர் முதன்முறையாக வாடிக்கையாளர் ஆவார்கள். முஸ்லிம் மக்கள் கூடுதலாக வாழும் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கடை போடுபவர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அந்த ஊர்களில் நோன்புக் கால இரவுகளில் தெரு எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கலாம்.

பொம்மை தூக்கும் கிரேன் மெஷின்தான் ஜப்பானில் இப்போது ஆர்கேட்களைத் தாங்கிப் பிடிக்கிறது. மச்சானுக்கும் அதில் ஒரு கண். நான் வேண்டாம் என்றேன். காசு போட்டு, ‘கிடைத்தாலும் கிடைக்கும்’ என்று காத்திருப்பது இங்கே பலர் கண்ணுக்குச் சூதாகத் தெரியும். முஸ்லிம் குடும்பங்கள் மட்டுமல்ல, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். கடைக்கு ஒருமுறை அந்தப் பெயர் விழுந்தால் கழுவுவது கஷ்டம்.

அதைவிட உடம்பை அசைக்கும் விளையாட்டுகளை வைக்கலாம். 1998இல் கொனாமி கொண்டுவந்த, காலால் மிதித்து ஆடும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், 2001இல் நாம்கோவின் மேளம் அடிக்கும் தைக்கோ மாதிரியானவை. ஃபோனில் தட்டி அந்தச் சுகம் வராது. ஆட்டம் என்றால் இங்கே பலருக்குக் கூச்சம் வரும், மேளத்துக்கு வராது. கூத்து மத்தளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் கையில் இரண்டு குச்சியைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளூர்த் தாளங்களையே போட்டு ஒருவர் அப்படி ஒரு கேம் செய்தால் நானே வரிசையில் நிற்பேன். (கணினி படிக்கும் தம்பிமார் கவனிக்க.)

கட்டண விஷயத்தில் ஜப்பான்காரர் பட்ட பாடு நல்ல பாடம். அங்கே ஒரு ஆட்டம் 100 யென் நாணயம் என்று பல காலமாக ஊறிவிட்டது. 1989இல் 3 வீதமாக வந்த நுகர்வு வரி 2019இல் 10 வீதம் ஆனபோதும் அந்த 100 யென் கட்டணத்தை மாற்ற முடியாமல் கடைக்காரர்கள் நசுங்கினார்கள். இங்கே 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில்லறைக்கு மதிப்பே இல்லை, காசு போடும் துவாரத்தை மறந்துவிடலாம். அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் கேலப்பிங் கோஸ்ட் என்ற ஆர்கேட், வாசலில் ஒரே கட்டணம் வாங்கிவிட்டு நாள் முழுக்க விளையாட விடுகிறது. அதை நம் அளவுக்கு வெட்டி, மாலை நேரத்துக்கு ஒரு கட்டணம், குடும்பமாக வந்தால் ஒரு கட்டணம் என்று வைக்கலாம். காசு எரிகிறது என்ற பதற்றம் இல்லாவிட்டால் ஆட்கள் இன்னும் கொஞ்சம் இருப்பார்கள், இருந்தால் பசிக்கும். லாபம் ரோல்ஸிலும் ஐஸ்கிறீமிலும்தான்.

பழைய பெரிய மெஷின்களை இறக்குமதி செய்யும் ஆசையும் வேண்டாம். கல்லடி உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும். பழைய குழாய் டிவி திருத்தும் ஆளைத் தேடிப் பிடிப்பதும் பெரும்பாடு. பட்டனும் ஜாய்ஸ்டிக்கும் மலிவு, மேலதிகமாக வாங்கி வைத்து அன்றன்றே மாற்றிவிடலாம். ‘பழுது’ என்று தாள் ஒட்டிய மெஷின் இரண்டு நின்றால் கடை மூடப்போகிறது என்ற கதை தானாகப் பரவும்.

எப்போது திறப்பது என்றும் மச்சான் கேட்டார். ஜூலை தொடக்கம் என்றேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் கூட்டம், சுவிஸிலும் கனடாவிலும் இருந்து லீவுக்கு வந்த சொந்தங்கள், சலிப்பில் முகம் தொங்கிய அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லாம் அந்த நாட்களில்தான். அவர் வாஸ்து பார்த்துக் கார்த்திகையில் நாள் வைத்திருக்கிறார். அந்த மழைக்குள் திறந்தால் முதல் மூன்று மாத வாடகையையும் கைக்காசில்தான் கட்ட வேண்டிவரும்.