கூண்டில் ஏறப்போகும் ஆய்வாளருக்கு: ஞாபகம் இல்லாததை எப்படிச் சொல்வது?

கேள்வி: நான் நகராட்சி ஒன்றில் நகரமைப்பு ஆய்வாளர். அனுமதி பெற்ற வரைபடத்தை மீறிக் கட்டிய ஒரு கட்டடத்தை மூன்று வருடங்களுக்கு முன் ஆய்வு செய்து குறிப்பு எழுதினேன். அதன்பேரில் ஆணையர் நோட்டீஸ் கொடுத்தார். இடிக்கக் கூடாது என்று உரிமையாளர் உறுத்துக்கட்டளை கேட்டு சிவில் வழக்கு போட்டிருக்கிறார். நகராட்சித் தரப்பில் நான்தான் சாட்சி. இதுவரை கூண்டில் ஏறியதே இல்லை. டேப் பிடித்து அளந்ததும் செல்போனில் படம் எடுத்ததும் தவிர வேறெதுவும் சரியாக ஞாபகம் இல்லை. குறிப்பில் இல்லாததைக் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: மூன்று வருடத்துக்கு முந்தைய ஆய்வில் எல்லாமே ஞாபகம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். மறந்துபோவது இயல்பு என்பது சட்டத்துக்கும் தெரியும். சம்பவம் நடந்தபோதே, அல்லது அது மனதில் பசுமையாக இருக்கும்போதே நீங்கள் எழுதிய குறிப்பை, சாட்சியம் சொல்லும்போது பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளலாம். பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023-இன் 162-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் வழக்கு அதற்கு முன்பே தாக்கலாகியிருந்தால் 1872-ஆம் வருட இந்திய சாட்சியச் சட்டம்தான் பொருந்தும். அதில் இது 159-வது பிரிவு. கேள்வி வந்ததும், "ஆய்வுக் குறிப்பைப் பார்த்துச் சொல்ல அனுமதி வேண்டும்" என்று நீதிபதியிடம் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நீங்கள் பார்க்கும் குறிப்பை எதிர்த்தரப்பும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், அதை வைத்தே குறுக்கு விசாரணையும் செய்யலாம். அதனால் இப்போது அந்தக் குறிப்பில் ஒரு எழுத்துகூடச் சேர்க்காதீர்கள். விட்டுப்போன தேதியோ கையெழுத்தோ எதுவானாலும் விட்டது விட்டதாகவே இருக்கட்டும். குறிப்பில் ஒரு குறை இருந்தால் அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். பின்னால் திருத்தியது தெரிந்தால் மொத்த சாட்சியமும் போய்விடும், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். அதேபோல, இப்போது போய் மறுபடி அளந்துவிட்டு அதை அன்றைய அளவாகச் சொல்லவும் கூடாது.

அடுத்து பிரமாண வாக்குமூலம். சிவில் வழக்கில் உங்கள் முதல் விசாரணை எழுத்து மூலமாகத்தான் தாக்கலாகும். நகராட்சி வழக்கறிஞர் தயாரித்துத் தருவார், நீங்கள் கையெழுத்து போடுவீர்கள். இங்கேதான் நிறைய அதிகாரிகள் சறுக்குகிறார்கள். நகராட்சி தாக்கல் செய்த எதிர்வழக்குரையில் இருக்கும் சட்ட வாதங்கள், ஆணையரின் முடிவுக்கான காரணங்கள் எல்லாம் அப்படியே உங்கள் வாக்குமூலத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்புறம் கூண்டில், "ஐந்தாவது பத்தியில் சொன்னது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நீங்கள் பார்த்தது, அளந்தது, எழுதியது, கோப்பில் இருப்பது ஆகியவை மட்டும் இருக்கும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சத்தியம் செய்வது நீங்கள், வழக்கறிஞர் அல்ல.

இனி நீங்கள் பயப்படும் குறுக்கு விசாரணை. கேள்விகள் பெரும்பாலும் "என்றால் சரிதானே?" என்று முடியும். இப்படி விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் குறுக்கு விசாரணையில் சட்டம் அனுமதிக்கிறது. "உரிமையாளருக்குத் தெரிவிக்காமல், அவர் இல்லாத நேரத்தில் போய் அளந்தீர்கள் என்றால் சரிதானே?" என்று கேட்பார்கள். அவர் அப்போது இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதை நினைத்துக்கொண்டு "சரிதான்" என்று சொல்லிவிட்டால், கேள்வி முழுவதும் உங்கள் வாக்கியமாகவே பதிவில் ஏறிவிடும். கேள்வியைப் பிரித்து, "அவர் அப்போது இல்லை என்பது சரி. தெரிவிக்கவில்லை என்பது சரியல்ல, இன்ன தேதியில் தெரிவித்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். கோப்பில் அப்படித் தெரிவித்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டுமே இரண்டாவது பகுதியைச் சொல்லுங்கள். தெரிவிக்கவில்லை என்றால் தெரிவிக்கவில்லைதான்.

"டேப்பின் மறுமுனையைப் பிடித்தது யார்?" என்று நிச்சயம் கேட்பார்கள். குறிப்பில் பெயர் இல்லாமல், உங்களுக்கும் ஞாபகம் இல்லாமல் இருந்தால், "குறிப்பில் எழுதவில்லை, இப்போது நினைவில்லை" என்பதுதான் பதில். யாரோ ஒரு ஊழியரின் பெயரை உத்தேசமாகச் சொன்னால், அவரை ஏன் சாட்சியாக விசாரிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அவர் அன்று விடுப்பில் இருந்தது தெரிந்தால் நீங்கள் உண்மையாக எடுத்த அளவின்மேலும் சந்தேகம் விழும். அதேசமயம், ஞாபகம் இல்லாததற்கு "யாரும் பிடிக்கவில்லை" என்றும் சொல்லிவிடக் கூடாது. அது இன்னொரு தகவல், அதற்கும் நீங்கள் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

"பக்கத்துக் கட்டடத்திலும் இதே மீறல் இருக்கிறது, அதற்கு நோட்டீஸ் இல்லை என்றால் சரிதானே?" என்பது இன்னொரு வழக்கமான கேள்வி. அது உண்மையானால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். இன்னொருவர் செய்த மீறலைக் காட்டி, சட்டவிரோதத்தில் சமத்துவம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதை உங்கள் வழக்கறிஞர் வாதத்தில் எடுத்து வைப்பார், நீங்கள் வைக்க வேண்டாம். ஆணையர் மனதில் என்ன இருந்தது, உரிமையாளரின் நோக்கம் என்ன என்ற கேள்விகளுக்கும் நீங்கள் வக்காலத்து வாங்க வேண்டாம்.

லஞ்சம் கேட்டுக் கிடைக்காததால் நோட்டீஸ் கொடுத்ததாகவும் ஒரு கேள்வி வரலாம். நேர்மையாக வேலை பார்த்தவருக்கு அது மிகவும் வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கறிஞர் கேட்டுவிட்டார் என்பதாலேயே அது சாட்சியம் ஆகிவிடாது. நீதிபதியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "சரியல்ல" என்று சொன்னால் போதும். கோபத்தில் நீட்டிப் பேசினால், பேசிய ஒவ்வொன்றுக்கும் அடுத்த கேள்வி பிறக்கும்.

செல்போன் படங்களுக்கு இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. பழைய சட்டத்தில் 65பி, புதிய சட்டத்தில் 63-வது பிரிவு. புதிய சட்டத்தின்படி சான்றிதழில் இரண்டு பகுதிகள். ஒன்றில் நிபுணர் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறிப்பிட வேண்டும். அந்தப் போன் இன்னும் உங்களிடம் இருந்தால் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

குறுக்கு விசாரணையில் ஏதாவது தெளிவில்லாமல் நின்றுவிட்டால், மறு விசாரணையில் உங்கள் தரப்பு வழக்கறிஞர் அதை விளக்கக் கேட்கலாம். அதற்காக, சாட்சியம் நடக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லாதீர்கள். சொல்லிக்கொடுத்துப் பேசுவது போலத் தெரியும். எல்லாம் முடிந்து, தட்டச்சு செய்த சாட்சியத்தைக் கையெழுத்துக்கு நீட்டும்போது அவசரப்படாமல் வரி வரியாகப் படியுங்கள். "இல்லை" என்று சொன்னது "உண்டு" என்று ஏறியிருந்தாலோ, அளவில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலோ, கையெழுத்து போடும் முன்பே நீதிபதியிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.