எட்டு மாதக் குழந்தை இரவில் ஐந்து முறை எழுவது பால் போதாததாலா?

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். பிறந்தபோது 2.9 கிலோ, போன வாரம் 7.7 கிலோ. ஐந்தாவது மாதம் வரை இரவில் இரண்டு முறைதான் எழுவாள். இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அழுகிறாள். தூளியில் போட்டு ஆட்டினால் தூங்குகிறாள், ஆட்டுவதை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி அழுகை. தாய்ப்பாலோடு காலையில் ராகிக் கூழ், மதியம் பருப்பு சாதம் கொடுக்கிறேன். பால் போதவில்லை, டப்பா பால் கொடு என்கிறார் மாமியார். மருந்துக்கடையில் ஒரு சளி சிரப் கொடுத்து, இரவில் அரை ஸ்பூன் கொடுத்தால் நன்றாகத் தூங்கும் என்றார்கள். இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த சிரப்பைக் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

இப்படிக் கொடுக்கப்படும் சளி சிரப்புகளில் பெரும்பாலும் ஒவ்வாமைக்கான மருந்து ஒன்று இருக்கும். அதன் பக்கவிளைவுதான் தூக்கம். அந்தப் பக்கவிளைவையே மருந்தாக விற்கிறார்கள். அப்படி ஓர் ஒவ்வாமை மருந்தான குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்கான பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அந்த எச்சரிக்கையைப் புட்டியிலேயே அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. புரோமெதசின் என்ற இன்னொரு மருந்து 2 வயதுக்குள் குழந்தையின் மூச்சையே மந்தமாக்கிவிடக்கூடியது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது நினைவிருக்கும். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இவ்வளவுக்குப் பிறகும் 8 மாதக் குழந்தைக்குச் சீட்டே இல்லாமல் சிரப் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றால் யாரைச் சொல்வது? சில வருடங்களுக்கு முன் ஒரு குழந்தையை என்னிடம் தூக்கி வந்தார்கள். தோளில் துணி மாதிரி தொங்கியது, எழுப்ப எழுப்பக் கண் திறக்கவில்லை. மூன்று இரவுகளாக ‘தூக்க சிரப்’ கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்ததில் தேறிவிட்டது. எல்லாக் குழந்தைக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பால் போதவில்லையா? உங்கள் மகள் எடையே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 8 மாதப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் நடு அளவு எடை 7.9 கிலோ. உங்கள் மகள் 7.7. பால் போதாத குழந்தை இப்படி வளராது. ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். கழித்தால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

அப்படியானால் ஏன் எழுகிறாள்? தூக்கம் ஒரே நீளத் துணி இல்லை. துண்டு துண்டாக வைத்துத் தைத்தது. பெரியவர்களுக்கு ஒரு துண்டு சுமார் ஒன்றரை மணி நேரம். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி. ஒவ்வொரு தையலிலும் எல்லோருமே அரைகுறையாக விழிக்கிறோம். நாம் புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடுவதால் காலையில் அது நினைவில் இருப்பதில்லை. குழந்தையும் விழிக்கிறது. தான் தூங்கும்போது என்ன இருந்ததோ, அது இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் தூங்கிவிடும். இல்லையென்றால் அழும்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் போயிருப்பீர்கள். வண்டி ஓடும்வரை தூங்குவோம். சாப்பாட்டுக்காக வழியில் நிறுத்தினால், யாரும் எழுப்பாமலே கண் விழித்துவிடும். சத்தம் போட்டு எழுப்பியதால் இல்லை, ஆட்டம் நின்றதால். உங்கள் மகளுக்கு நடப்பதும் இதுதான். ஆட்டத்திலேயே தூங்குகிறாள். ஒரு துண்டு முடிந்து லேசாக விழிக்கும்போது தூளி நின்றிருக்கிறது. மறுபடி ஆட்டு என்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி அழுகை.

ஐந்து மாதம் வரை சரியாகத்தானே இருந்தாள் என்று கேட்பீர்கள். எட்டாம் மாதத்தில் இரண்டு விஷயம் சேர்ந்துகொள்கிறது. அம்மா கண்ணில் படவில்லையென்றால் எங்கோ போய்விட்டாள் என்று பதறும் வயது இது. தவழவும் பிடித்து எழவும் பழகும் உடம்பு, இரவிலும் அதையே செய்து பார்க்கும். கூடவே பகல் பால் குறைந்துவிடும். காலிங் பெல் அடித்தால் திரும்பும், மின்விசிறியைப் பார்க்கும், இரண்டு வாய் குடித்துவிட்டு இறங்கி ஓடும். அந்தக் கணக்கை இரவில் தீர்த்துக்கொள்ளும். பகலில் இரண்டு முறையாவது, திரையை இழுத்துவிட்டு, யாரும் பேசாத அறையில் உட்கார்ந்து பால் கொடுத்துப் பாருங்கள். இரவு ஒரு முறையாவது குறையும்.

பல் முளைப்பதால்தான் என்றும் சொல்வார்கள். ஈறு இரண்டு மூன்று நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் எழுவதற்கு அது காரணம் இல்லை.

தூளி விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தூளியில் வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும், அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குழந்தை தானாக உட்காரத் தொடங்கிவிட்டால் தூளியின் காலம் முடிந்தது. உள்ளே எழுந்து உட்கார்ந்தால் சேலை கழுத்தில் சுற்றும், விளிம்பு வழியாகத் தலைகீழாக விழும். இந்த விபத்துகளைப் பார்த்திருக்கிறேன், திரும்பப் பார்க்க விரும்பவில்லை. ஸ்பிரிங் தொட்டிலுக்கும், தானாக ஆடும் மோட்டார் தொட்டிலுக்கும் இதே பேச்சுதான். மோட்டார் வாங்கினால் உங்கள் கை ஓயும், அவளுக்கு ஆட்டப் பழக்கம் இன்னும் இறுகும்.

ஒரே நாளில் அவிழ்க்க வேண்டாம். இரவின் முதல் தூக்கத்தில் மட்டும் ஆரம்பியுங்கள். ஏழரை எட்டு மணிக்குப் பால் கொடுத்து முடித்து, கால் மணி நேரமாவது விளையாட்டுக் காட்டி, அப்புறம் விளக்கைக் குறையுங்கள். அழுகை அடங்கும்வரை தூளியில் ஆட்டுங்கள். கண் சொருகத் தொடங்கியதும், முழுதாகத் தூங்குவதற்கு முன், எடுத்துத் தரையில் விரித்த மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம். நெஞ்சில் கை வைத்துத் தட்டிக் கொடுங்கள், உங்களுக்கு வாயில் வரும் தாலாட்டைப் பாடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் சிணுங்குவாள், தூக்கிச் சமாதானம் செய்துவிட்டு மறுபடி படுக்க வையுங்கள். ஒரு வாரம் போனதும் தூளி ஆட்டத்தைக் குறைத்து, பிறகு தூளியையே கழற்றிவிடுங்கள். நடு இரவில் முனகினால் உடனே தூக்காதீர்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பொறுங்கள். குழந்தைகள் தூக்கத்திலேயே முனகுவார்கள், கை கால் உதைப்பார்கள், கண்ணைக்கூடத் திறப்பார்கள். நாம் தூக்கியதால்தான் முழுதாக விழித்துக்கொள்ளும் இரவுகள் நிறைய.

கதவைச் சாத்திவிட்டு அழவிடும் முறையை நான் சொல்லவில்லை. ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். இந்த வேலையில் பாதி அவள் அப்பாவுடையது. பால் வாசம் இல்லாத கை தட்டிக் கொடுத்தால் பல குழந்தைகள் சீக்கிரம் பழகும்.

எத்தனை முறை எழுந்தால் சரி? எட்டு மாதத்தில் ஒன்றிரண்டு முறை எழுந்து பால் குடிப்பது இயல்பு. 2018-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் பேர் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் பேர் அப்படித்தான். ‘பக்கத்து வீட்டுக் குழந்தை விடிய விடியத் தூங்குகிறது’ என்று யாராவது சொன்னால் மனம் கலங்காதீர்கள். அதனால் ‘ஏழே நாளில் இரவு முழுவதும் தூக்கம்’ என்று செல்பேசியில் விளம்பரம் செய்து சில ஆயிரம் ரூபாய் கேட்பவர்களிடமும் போகாதீர்கள். நான் மேலே சொன்னதைத்தான் அவர்களும் சொல்வார்கள்.

காய்ச்சல், காதைப் பிடித்து அலறல், பால் மறுத்தல், மூச்சுவாங்கல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது, அதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். இரும்புச் சத்துக் குறைவு.

இரும்பு குறைந்த குழந்தை இரவில் அமைதியாகத் தூங்காது. காலை உதைக்கும், புரண்டுகொண்டே இருக்கும், காரணமில்லாமல் சிணுங்கும். நிறை மாதத்தில் பிறந்த குழந்தை அம்மாவிடமிருந்து கொண்டுவந்த இரும்பு சுமார் ஆறு மாதம் வரும். குறை மாதம் அல்லது எடை குறைவு என்றால் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். தாய்ப்பால் எவ்வளவோ நல்லது, ஆனால் அதில் இரும்பு லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. அதனால் ஆறு மாதத்துக்கு மேல் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். நீங்கள் கொடுப்பது ராகியும் பருப்பு சாதமும். ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைய, அதிலுள்ள இரும்பு உடலில் ஒட்டுவது குறைவு. முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் மேல். அசைவம் சாப்பிடும் வீடென்றால் வாரம் ஒருமுறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ நன்றாக வேக வைத்து, மசித்து, இரண்டு ஸ்பூன் கொடுங்கள். முட்டை கொடுங்கள். சைவம் என்றால் பருப்போடு முருங்கைக்கீரை, மேலே நான்கு சொட்டு எலுமிச்சை. ஒரு வயதுக்குள் பசும்பால் குடிக்கக் கொடுக்காதீர்கள். அது இரும்பு சேர்வதைத் தடுக்கும், குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தமும் கசிய வைக்கும்.

கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் உடனே காட்டுங்கள். வெளுக்காவிட்டாலும், மேலே சொன்னதைச் செய்து மூன்று வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகு முன்பே சேமிப்பு காலியாகியிருக்கும்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் 57 சதவீதக் குழந்தைகளுக்கு ரத்தசோகை. இதற்காகத்தான் 6 மாதத்திலிருந்து வாரம் இருமுறை 1 மி.லி. இரும்பு–ஃபோலிக் அமில சிரப் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டு வாங்கலாம். நான் விசாரித்த அம்மாக்களில் பெரும்பாலோர் இப்படி ஒரு மருந்து இருப்பதையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். கொடுக்கக் கூடாத சிரப் தெருமுனைக் கடையில் கேட்காமலே கிடைக்கிறது, கொடுக்க வேண்டிய சிரப்பைத் தேடிப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இதில்தான். பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் அளவு வேறு, அதை மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தருவார். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

டப்பா பாலைப் பற்றி மாமியாரிடம் நிதானமாகப் பேசுங்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆறு மாதம் கடந்த பிறகு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தையும் டப்பா பால் குடிக்கும் குழந்தையும் இரவில் எழும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லுங்கள். 1992-லேயே சட்டம் போட்டு டப்பா பால் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடை செய்தார்கள். 2003-ல் அதை இரண்டு வயது வரையான குழந்தை உணவுக்கும் நீட்டினார்கள். ஆனால் பிரசவ வார்டிலேயே சீட்டில் டப்பா பெயரை எழுதிக் கொடுக்கும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. ஜாதிக்காய் உரசிக் கொடுப்பதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தூங்க வைக்காது, மயக்கும். வசம்பும் அப்படியே. கையில் காப்பாகக் கட்டிக்கொள்ளட்டும், வாயில் வைக்க விடாதபடி.

வேலைக்குப் போகத் தொடங்கியதும் இரவு எழுவது சில வாரங்கள் கூடும். பகலில் கிடைக்காத அம்மாவை இரவில் கேட்பாள். தூளியை மாற்றும் வேலையை அதற்கு முன்பே, இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போகாமல் அரை மணி நேரம் அவளோடு படுத்துப் பால் கொடுங்கள், சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் அலுவலகத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், சட்டப்படி குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு முறை நீங்கள் போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு. மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள்.