டீச்சர் பதில்கள்: செவ்வாய்க்கிழமை தாமதமாக வரும் பிள்ளைகள்

(ராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: தீவில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. பதிவேடுகள், செயலியில் வருகைப் பதிவு, பயிற்சிக் கூட்டம், நடுவில் மழை விடுமுறை. செவ்வாய், வியாழன் காலைகளில் பிள்ளைகள் பலர் தாமதமாக வருகிறார்கள். சிலர் வகுப்பிலேயே தூங்கிவிடுகிறார்கள். ஏழெட்டுப் பேருக்கு இன்னும் சரளமாக வாசிக்க வரவில்லை. பாடத்தை முடிப்பதா, அவர்களைக் கவனிப்பதா? கவனித்தாலும் அது யாருக்குத் தெரியப்போகிறது, டீச்சர்?
– இளம் ஆசிரியர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, கிழமையைக் கவனித்திருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. நம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் டோக்கன் (மீன்பிடிக்கப் போவதற்கான அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. மறுநாள் காலையில் கரை சேருகின்றன. அந்த நேரத்தில் அம்மாவும் இறங்குதளத்தில் இறாலையும் நண்டையும் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். தம்பி தங்கைகளைக் கிளப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வருவது உங்கள் வகுப்புப் பிள்ளைதான். அதைச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள்.

தூங்கும் பிள்ளையை அதட்டுவதற்கு முன், சாப்பிட்டானா என்று கேளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது கரையோரப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தாமதமாக வருகிறவனுக்கு அந்த உப்புமாவும் கிச்சடியும் கிடைக்காமல் போய்விடுகின்றன. சமைக்கிற மகளிர் குழுப் பெண்களும் நம் தெருக்காரர்கள்தாமே. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, செவ்வாயும் வியாழனும் சில தட்டுகளை மூடி வைக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளும் முதல் பாடவேளையில் புதிய கணக்கைத் தொடங்கவே வேண்டாம். அதை வாசிப்புக்கு விட்டுவிடுங்கள்.

பாடமா, வாசிப்பா என்று கேட்டால், தயங்காமல் வாசிப்பு என்பேன். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். மணி அடித்ததும் போய்விடுவார். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவதைக் காது கொடுத்துக் கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. ஆகையால் நாளுக்கு ஐந்து பிள்ளைகளை உங்கள் நாற்காலிக்கு அருகில் அழைத்து, ஆளுக்கு ஒரு பத்தி தனித்தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டமாக ஒப்பிக்க விட்டால் தெரியாத பிள்ளை வாயை மட்டும் அசைத்துத் தப்பித்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் எந்தப் பதிவேட்டையும் திறக்காதீர்கள்.

பாடநூல் கசந்தால் செய்தித்தாளை எடுங்கள். 'பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்ற செய்தி இந்தப் பருவத்தில் அடிக்கடி வரும். கூண்டு ஏறினால் அப்பாவுக்கு டோக்கன் கிடைக்காது என்பது நம் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அதனால் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்ற நீண்ட சொல்லைக்கூட விடாமல் கூட்டிப் படித்துவிடுவார்கள். கூண்டு 11 வரை உண்டு என்றும், 11ஆம் எண் என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள் என்றும் சொல்லிப் பாருங்கள். கேள்விகள் கிளம்பும். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டு வந்து நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.

யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்கள். என்னிடம் எழுத்துக் கூட்டித் திணறிய ஒருவர் இன்று விசைப்படகு ஓட்டுகிறார். கைப்பேசியில் வரும் வானிலை எச்சரிக்கையைப் படகில் இருப்பவர்களுக்கு வாசித்துச் சொல்வது அவர்தான். அந்தப் படகில் இருக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அது தெரியும்.

கேள்வி: கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு. எனக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். டியூஷனுக்குப் பணம் இல்லை. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? (மூத்த மகள் எழுதித் தந்த கடிதம்.)
– ஒரு தாய், பாம்பன்

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். ராத்திரி சோறு கொதிக்கும் நேரத்தில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாள் என்பது எழுத்துத் தெரியாத காதுக்கும் கேட்கும். அந்த இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லி, மறுநாள் டீச்சரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பாசிக் கணக்கை அவள் கையில் கொடுங்கள். இன்று எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, வியாபாரி எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அது அவளுக்குப் பெருக்கல், உங்களுக்குக் காவல். வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் நீரோட்டம் எப்படி மாறுகிறது, கஞ்சிப்பாசி எங்கே கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேலை அதிகம் என்பதற்காகப் பள்ளி நாளில் அவளைக் கடலுக்கு அழைத்துப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் கூச்சப்படாமல் போங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது.

கேள்வி: மகன் அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஏதாவது உதவித்தொகை உண்டா?
– வாசகர், கீழக்கரை

பதில்: உண்டு. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை எழுதச் சொல்லுங்கள். தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போகும்; அவரை இந்த வாரமே பாருங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள்.