லவ் போட்: கப்பல் எது, செட் எது?

கே: உல்லாசக் கப்பலில் நடக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் லவ் போட், அதை முழுவதும் நடுக்கடலில்தானே எடுத்தார்கள்?

ப: நடுக்கடலா! பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸ் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் வார்னர் ஹாலிவுட் ஸ்டுடியோவுக்கு மாறினார்கள். வரவேற்புக் கூடம், அகபுல்கோ லவுஞ்ச், மது பரிமாறும் ஐசக் நிற்கும் பார், நீச்சல்குளம் எல்லாமே செட்தான். நடிகர்கள் கப்பலேறியது எப்போதாவதுதான். அப்போதெல்லாம் பின்னால் நடமாடியவர்கள் காசு கொடுத்து வந்த நிஜப் பயணிகள்.

கே: செட்டையும் கப்பலையும் பிரித்துப் பார்க்க ஏதாவது வழி?

ப: அறையைப் பாருங்கள். நால்வர் நின்று சண்டை போட இடம் இருந்தால் செட். நிஜக் கப்பலில் பெட்டியைத் திறந்து வைத்தால் கதவைத் திறக்க முடியாது.

கே: 2015இல் பசிபிக் பிரின்சஸில் போனேன். தொடரின் கேப்டன் ஸ்டூபிங் நின்ற அதே தளத்தில் நானும் நின்றேன். படம் இணைத்துள்ளேன். பார்த்தீர்களா?

ப: பார்த்தேன். படம் நன்றாக இருக்கிறது, கப்பல்தான் வேறு. மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. தொடரில் வந்த பசிபிக் பிரின்சஸ் 1971இல் மேற்கு ஜெர்மனியின் எம்டனில் கட்டிய கப்பல். முதல் பெயர் சீ வென்ச்சர். சுமார் 20,000 டன், அறுநூற்றுச் சொச்சம் பயணிகள். இன்றைய ராட்சதக் கப்பல்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2002இல் அதை விற்றுவிட்டு, அதே ஆண்டே, பிரான்சில் ஏற்கெனவே கட்டியிருந்த இன்னொரு கப்பலுக்கு அதே பெயரை வைத்தார்கள். 1999இல் பிறந்தது, சுமார் 30,000 டன். நீங்கள் ஏறியது அதில். தொடர் ஒளிபரப்பானது 1977 முதல் 1986 வரை. இந்தக் கழித்தலைப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, எனக்கும் அனுபவம் உண்டு. பசிபிக் பிரின்சஸ் என்று பெயர் பொறித்த பீங்கான் தட்டு ஒன்றை, 'லவ் போட் அசல்' என்று சொன்ன ஒரு வியாபாரியிடம் நல்ல விலைக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் 2003 என்று இருக்கிறது. இப்போது அதில் சாவிக்கொத்து போடுகிறேன். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பெயரைப் பார்க்காதீர்கள், கட்டிய ஆண்டைப் பாருங்கள்.

கே: எந்தெந்தத் துறைமுகங்கள்?

ப: லாஸ் ஏஞ்சலிஸில் கிளம்பி, மெக்சிகோவில் புவெர்த்தோ வயார்த்தா, மசத்லான், காபோ சான் லூகாஸ். வழக்கமான சுற்று இதுதான்.

கே: சீனா போன பகுதியில் கப்பல் வேறு மாதிரி இருக்கிறதே?

ப: நல்ல கண். அது பேர்ல் ஆஃப் ஸ்காண்டினேவியா. மத்தியதரைக் கடல் கதைக்கு ஸ்டெல்லா சோலாரிஸ். அப்புறம், வழக்கமான பகுதிகளிலும் சில காட்சிகளில் தெரிவது பசிபிக் பிரின்சஸின் உடன்பிறப்பான ஐலண்ட் பிரின்சஸ். இரண்டும் ஒரே அச்சு, எனக்கே சில சமயம் தடுமாறும்.

கே: லவ் போட்டில் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்குவார்களே, அந்தத் தீவு எங்கே?

ப: ஐயா, அது கில்லிகன்ஸ் ஐலண்ட்! வேறு தொடர், அதற்கும் பதின்மூன்று ஆண்டு முந்தையது. முன்னோட்டப் பகுதியை 1963 நவம்பரில் ஹவாயின் கவாய் தீவில் எடுத்தார்கள். தொடர் முழுக்க வரும் அந்த நீர்ப்பரப்பு லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோவுக்குள் வெட்டிய குளம். எழுதும் முன் பெயரையாவது சரிபாருங்கள்.

கே: அசல் கப்பலைப் போய்ப் பார்க்க முடியுமா?

ப: முடியாது. 2013இல் துருக்கியின் அலியாகாவில் உடைக்கப் போனது. 1972இல் கட்டிய ஐலண்ட் பிரின்சஸ் மறு ஆண்டே உடைக்க வந்தது நம் குஜராத்தின் அலங் கரைக்கு. இந்த இரண்டு கப்பல்களிலிருந்து எடுத்தது என்று யாராவது 'லவ் போட் நாற்காலி' விற்க வந்தால், கப்பல் கட்டிய ஆண்டைக் கேளுங்கள். 1971 அல்லது 1972 என்று சொல்லாவிட்டால் கதவைச் சாத்துங்கள்.