கேரவன் வேனின் கூரை ஒழுக்கு: மேலே பூசினால் தீராது
வணக்கம். உங்கள் பழைய கேரவன் வேனின் கூரைச் சன்னலைச் சுற்றி இருமுறை சிலிக்கான் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசியும் படுக்கையின் மேல் நீர் சொட்டுவதாக எழுதியிருந்தீர்கள். சொட்டும் இடமும் நீர் புகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒருவரை உள்ளே டார்ச்சுடன் நிறுத்தி, தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாக ஹோஸ் நீரால் நனைத்துப் பாருங்கள். பழைய சிலிக்கான் மீது புதிய பூச்சு சரியாகப் பிடிக்காது என்பதால், அதை முழுவதும் சுரண்டியெடுத்து, சன்னல் சட்டத்தைக் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் தன்மையுள்ள மென்மையான ரப்பர் பட்டை) ஒட்டித் திருகியபின், விளிம்பிலும் திருகுத் தலைகளிலும் பாலியூரித்தேன் சீலன்ட் இடுங்கள். என் வண்டியில் சட்டத்தின் அடியிலிருந்த பிளைவுட், விரலால் அழுத்தியதுமே ஈரத்தூளாக உதிர்ந்தது; அப்படியிருந்தால் அப்பகுதியை மாற்றாமல் மூடாதீர்கள். அக்டோபரில் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வருமுன், கூரைத் தகடு சுடாத காலை வேளையில் இதைச் செய்துவிடுங்கள்.