சின்ன மாடிவீட்டில் கோப்பிக்கென்று ஒரு மூலை ஒதுக்க முடியுமா?

இரண்டு அறை வீடு, குசினியில் இடமே இல்லை, கோப்பி போட ஒரு மூலை எப்படி அமைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வாடகை மாடிவீட்டில்தான் இருக்கிறேன். என் குசினியில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை அடக்க வேண்டும். அதனால் என் கோப்பி மூலை ஹோலில், யன்னல் பக்கத்தில். இரண்டரை அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம், அவ்வளவுதான். ஆனால் இது இரண்டாம் தடவை செய்தது. முதல் தடவை யாரோ அமைத்த கோப்பி மூலையின் படத்தைப் பார்த்துச் செய்து கெடுத்தேன்.

அந்தப் படத்தில் சுவரோடு இரண்டு தட்டு, கீழே கேத்தில். நானும் மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போட் பலகையில் அப்படியே அடிப்பித்தேன். மூன்று மாதம் போகவில்லை, கேத்திலுக்கு நேர் மேலே இருந்த தட்டின் அடிப்பக்கம் ஊறி, விளிம்பில் ஒட்டியிருந்த பட்டி கழன்று, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. நாளுக்கு நாலு தடவை ஆவி ஒரே இடத்தில் அடித்தால் வேறென்ன நடக்கும்? இப்போது கேத்திலுக்கு மேலே வெறுஞ்சுவர், தட்டுகள் பக்கவாட்டில். மேசையில் ஒரு மிச்ச டைல் கிடக்கிறது. கோப்பி சிந்தினால் ஒரு துடைப்போடு சரி.

இடம் தேடும்போது வெளிச்சத்தைப் பார்க்க முதல் பிளக்கைப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக் இருக்கிறது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1150 வாட்ஸ்தான். மின் கேத்தில்களில் பல 1500 வாட்ஸுக்குக் குறையாது. அடப்டர் போட்டால் சொருகலாம், தண்ணியும் கொதிக்கும், கூடவே பிளக்கும் சூடாகும். என் அடப்டர் பழுப்பாகி, பிளாஸ்டிக் கருகின மணம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. 13 அம்பியர் பிளக் என்றால் கிட்டத்தட்ட 3000 வாட்ஸ் வரை போகும். கேத்திலை நேரே அதில் சொருகுங்கள், மல்டி பிளக் வேண்டாம்.

பைப் தேவையில்லை. 5 லீட்டர் போத்தல் ஒன்று இரண்டு மூன்று நாளுக்குத் தாராளம். அதைவிட முக்கியம் மேசைக்குக் கீழே மூடியோடு ஒரு சின்ன வாளி. கோப்பை அலசின தண்ணியும் சக்கையும் போக ஓர் இடம் வேண்டுமே! அழகான படம் எதிலும் இந்த வாளியைக் காட்டமாட்டார்கள். சக்கையைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும். பூச்சட்டிக்குக் கொஞ்சமாகப் போடலாம்.

உயரம் 34 முதல் 36 அங்குலம் இருந்தால் நின்றபடி ஊற்ற வசதி. சாப்பாட்டு மேசை சுமார் 30 அங்குலம், குனிந்தே முதுகு போய்விடும்.

மட்டக்களப்பில் பெரிய எதிரி ஈரம்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி தொடங்கினால் சீனி கட்டியாகும், பால்மா கட்டியாகும், இன்ஸ்டன்ட் கோப்பியைக் கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். ரப்பர் வளையம் போட்டு இறுக்கி மூடும் போத்தல் வாங்குங்கள், தூளை 100 கிராம் 100 கிராமாக வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்து வைத்து எடுக்காதீர்கள். வெளியே எடுத்துத் திறந்தவுடன் குளிர்ந்த தூளில் ஈரம் பிடிக்கும்.

அடுத்தது எறும்பு. மேசைக் கால்களைத் தண்ணிச் சிரட்டையில் வைக்கச் சொன்னார் அம்மா. வைத்தேன். ஒரு கிழமையில் எறும்பு நின்றது, சிரட்டைக்குள் நுளம்புக் குடம்பி நெளிந்தது. டெங்கு இருக்கிற ஊரில் அது சரிவராது. இப்போது சீனிப் போத்தல் மட்டும் தண்ணித் தட்டில் நிற்கிறது, காலையில் கோப்பிக்குக் கேத்தில் போடும்போதே அந்தத் தண்ணியையும் மாற்றிவிடுவேன்.

அம்மா முதலில் பார்த்துவிட்டு, "என்ன மனே, குசினிய ஹோலுக்குக் கொண்டு வந்திட்டாய்?" என்று சிரித்தார். போன மாதம் வந்தபோது மேல்தட்டில் என் கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டு, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த தன்னுடைய கோப்பித்தூள் டின்னை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோப்பைகள் இப்போது யன்னல் விளிம்பில்.